யூஎஸ்பி-ஏஎஸ்பி புரோகிராமர்: இன்வெர்ட்டர் போர்டில் சிப் மாற்றுபவர்களுக்கு

கடலூர் முதுநகர், புதுச்சேரி முத்தியால்பேட்டை என்று கடலோரத்து வீடுகளிலிருந்து வரும் இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் போர்டைத் திறந்தால் ஐசி கால்களில் பச்சை பூத்திருக்கும். உப்புக்காற்றின் வேலை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த தெருக்களில் சேதம் இதைவிட மோசம். அப்படிப் போன ஏடிமெகா 8 சிப்புக்கு (போர்டை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர்) பதில் புதியதில் புரோகிராம் ஏற்றித் தர, கணினியில் மாட்டும் யூஎஸ்பி-ஏஎஸ்பி என்ற இந்தச் சின்ன புரோகிராமர் போதும். தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்ட கருவி இது; கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள்.

நகலின் பெரிய குறை பழைய ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே இருக்கும் புரோகிராம். புதிய ஏடிமெகா 8 தொழிற்சாலையிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. புரோகிராமரின் கிளாக் அதில் கால் பங்குக்குக் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். இதுவோ சும்மா விட்டால் 375 கிலோஹெர்ட்ஸில் ஓடும். சிப் பதிலே சொல்லாது, பலர் நல்ல சிப்பைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். சிப்பில் எழுத உதவும் கணினி மென்பொருளான ஏவிஆர்டியூடில் பிட் கிளாக்கை 10 மைக்ரோ செகண்ட் என்று கொடுங்கள். பழைய ஃபர்ம்வேர் அதை ஏற்கவில்லை என்றால் கருவியில் உள்ள ஜேபி 3 ஜம்பரைப் (இரண்டு பின்களை இணைக்கும் சிறு கிளிப்) போட்டால் போதும்; வேகம் குறையும், வேலை நடக்கும். சில நகல்களில் அங்கே ஜம்பர் பின்கள் இருக்காது, வெறும் துளைதான். ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

வயரிங் (எண்கள் எல்லாம் சிப்பின் கால் எண்கள்): புரோகிராமரின் மோசி 17, மிசோ 18, எஸ்சிகே 19, ரீசெட் 1. சப்ளை 7, 20 இரண்டுக்கும். கிரவுண்ட் 8, 22 இரண்டுக்கும். சப்ளைக்குக் குறுக்கே 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

பழைய சிப்புக்கு உயிர் கொஞ்சம் இருந்தாலும் முதலில் ஃப்ளாஷ் (புரோகிராம் இருக்கும் நினைவகம்), ஈப்ராம் (அமைப்பு மதிப்புகள் இருக்கும் நினைவகம்), ஃபியூஸ் (மின் ஃபியூஸ் அல்ல, சிப்பின் கிளாக் போன்றவற்றைத் தீர்மானிக்கும் அமைப்பு பிட்கள்) மூன்றையும் படித்துச் சேமியுங்கள். ஈப்ராமை விட்டால் வோல்டேஜ் காலிபரேஷன் போய்விடும், கட்-ஆஃப் தாறுமாறாகும். படித்த ஃபைலில் 00 00 01 01 02 02 என்று வரிசையாக வந்தால் சிப் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டை நீக்கினால் புரோகிராமும் சேர்ந்து அழியும். எந்தப் புரோகிராமர் வாங்கினாலும் இதே கதைதான். அப்போது புரோகிராம் ஏற்றிய சிப்பையோ கன்ட்ரோல் கார்டையோ தயாரிப்பாளரிடமே கேளுங்கள்.

புதிய சிப்பில் முதலில் ஃப்ளாஷ், அடுத்து ஈப்ராம், கடைசியாக ஃபியூஸ். ஃப்ளாஷ் எழுதும்போது சிப் முழுவதும் அழிக்கப்படுவதால் வரிசை மாறக் கூடாது. ஃபியூஸ் வெளி கிரிஸ்டலுக்கு மாறியதும் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் செருகும் சோதனைப் பலகை) சிப் ஊமையாகிவிடும். 9, 10 கால்களில் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் இரண்டு 22 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தால் பேசும். ரீசெட்டை முடக்கும் ஃபியூஸை மட்டும் தொடாதீர்கள். அதை மீட்க 12 வோல்ட் புரோகிராமர் வேண்டும், இதனால் ஆகாது.

இந்தக் கருவியில் மின் தனிமைப்படுத்தல் (ஐசொலேஷன்) கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பவர் சப்ளை உள்ள போர்டில் மெயின்ஸ் இருக்கும்போது மாட்டினால் லேப்டாப் போகும், ஆளுக்கும் ஆபத்து. சிப்பைக் கழற்றி வெளியேதான் புரோகிராம் செய்ய வேண்டும். திரும்ப மாட்டும்போது 28 கால் சாக்கெட் போட்டு, சோதித்த பிறகு போர்டில் ஈரம் புகாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் அடித்தால் உப்புக்காற்று அடுத்த முறை அவ்வளவு சீக்கிரம் உள்ளே வராது. சாக்கெட்டுக்குள் மட்டும் கோட்டிங் இறங்கிவிடாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.