நார்தர்ன் ரயில் உரிமம்: 2004 டெண்டரும் 2016 டெண்டரும்

வட இங்கிலாந்தில் லீட்ஸ், மான்செஸ்டர், நியூகாசில் பக்கம் ஓடும் உள்ளூர் ரயில்களை நடத்த, அரசு டெண்டர் விட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த உரிமம் இது. டிக்கெட் வருமானம் செலவுக்குக் காணாது; அரசு மானியம் இல்லாமல் வண்டி நகராது.

2004 டிசம்பரில் செர்கோ, நெட்ரயில்வேஸ் (பின்னாளில் அபெல்லியோ) என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து எடுத்தன. பயணிகள் கூடமாட்டார்கள் என்பதே அந்த டெண்டரின் அடிப்படைக் கணக்கு. கூட்டம் ஏறிக்கொண்டே போனது. கூடுதல் பெட்டி வேண்டுமென்றால் அதற்குத் தனியாக அரசுப் பணம் வர வேண்டும். அதனால் பெட்டிக்கு நான்கே சக்கரம் என்ற அடிச்சட்டத்தில் பஸ் கூண்டை ஏற்றிய 1980களின் 'பேசர்' வண்டிகளே தொடர்ந்து ஓடின. ஆனால் சொன்னதை மட்டும் செய்யும் ஒப்பந்தம் என்பதால், நீட்டிப்புகளோடு 2016 மார்ச் வரை தாக்குப்பிடித்தது.

அடுத்த டெண்டர் நேர்மாறு. பேசரை மாற்றுவது போட்ட பணத்துக்கு ஈடாகாது என்று அதிகாரிகள் கணக்குக் காட்ட, போக்குவரத்து அமைச்சர் பேட்ரிக் மெக்லாக்லின் எழுத்துபூர்வமாக உத்தரவிட்டு அதை நிபந்தனையில் சேர்த்தார். அபெல்லியோ, கோவியா இரண்டையும் முந்தி 2015 டிசம்பரில் வென்றது அரைவா நிறுவனம். 281 புதிய பெட்டிகள், வாரத்துக்கு 2,000க்கு மேல் கூடுதல் சேவை, அதோடு ஆண்டுக்காண்டு குறையும் மானியம். குறையும் மானியத்தை வளரும் பயணிகள் ஈடுகட்ட வேண்டும். அவர்கள் வளர, மின்ரயில் ஓடத் தேவையான மின்கம்பி நேரத்துக்கு வர வேண்டும். கம்பி போடுவதோ தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் என்ற அமைப்பின் வேலை, அரைவாவின் கையில் இல்லை.

சிக்கியது மான்செஸ்டர் அருகிலுள்ள போல்டன் பாதையில். மின்மயமாக்கல் தள்ளிப்போனதால் மின்வண்டிகள் அங்கே ஓட முடியவில்லை. வேறு பாதைக்குப் போகவேண்டிய டீசல் வண்டிகளும் விடுபடவில்லை. அட்டவணையைக் கடைசி நேரத்தில் திருத்தி எழுத, ஓட்டுநர்களுக்குப் பாதைப் பயிற்சி முடிக்க நாள் போதவில்லை. (பாதை பழகாத ஓட்டுநரை அங்கே வண்டியில் ஏற்ற முடியாது.) 2018 மே 20இல் புதிய அட்டவணை குலைந்தது, ஜூன் 4 முதல் நாளுக்கு 165 ரயில்கள் நீக்கப்பட்டன. போல்டனில் மின்வண்டி ஓடியது 2019 பிப்ரவரியில்தான்.

என் கணிப்பில் இரண்டாவதே நல்ல நோக்கம், ஆனால் மோசமான ஒப்பந்தம்: அடுத்தவர் வேலையின் தாமதத்தை நடத்துநர் தலையில் கட்டியது. 2020 மார்ச் 1இல் உரிமம் அரசுக்குத் திரும்பியது. நார்தர்னில் பேசர் கடைசியாக ஓடியது அந்த ஆண்டு நவம்பரில், அரசு நிர்வாகத்தில்.