காட்பாடி பக்கம் போக்கியத்துக்கு வீடு பார்க்கிறவங்க, பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

₹4,50,000. நாலரை லட்சம். எங்க அக்கா குடும்பம் நகையை அடகு வெச்சுப் புரட்டின பணம். மூணு வருஷப் போக்கியம், வாடகை கிடையாது, காலி பண்ணும்போது முழுசா திரும்பி வரும்னு சொல்லி ஒரு ஏஜென்சி வாங்கிக்கிச்சு. புகார் போயிருக்கறதால பேர் போடலை. "ஓனர்களுக்காக வீட்டைப் பராமரிக்கிறோம்"னு போர்டு மாட்டியிருக்கிற ரகம்.

தில்லுமுல்லு இப்படித்தான். ஏஜென்சி அந்த வீட்டை ஓனர்கிட்ட 11 மாச அக்ரிமெண்ட்ல மாச வாடகைக்கு எடுத்திருக்கு. அதையே இவங்களுக்குப் போக்கியத்துக்கு விட்டிருக்கு. இவங்க கொடுத்த பணத்துலயே ஓனருக்குச் சில மாசம் வாடகை போச்சு. அப்புறம் நின்னுச்சு. ஓனர் வந்து கதவைத் தட்டி, "நீங்க யாரும்மா?"ன்னு கேட்டார்.

நம்ப வெச்சது ரெண்டு காகிதம்: ஓனர் பேர்ல கரண்ட் பில், மாநகராட்சி வீட்டு வரி ரசீது. ரெண்டுமே அசல். வாடகைக்கு விடும்போது ஓனரே கொடுத்தது. "அக்கா, ஓனர் துபாய்ல இருக்கார், எல்லாம் நாங்கதான் பாத்துக்கறோம். நோட்டரி போட்டே தர்றோம்." (துபாய் ஓனர் இருக்கறது ராணிப்பேட்டையில.) ஸ்டாம்ப் பேப்பர், சீல், ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து. ஓனர் கையெழுத்து மட்டும் எங்கயும் இல்லை. முதல் பார்ட்டி இடத்துல ஏஜென்சி மேனேஜர்.

நோட்டரி சீல், கையெழுத்துப் போட்டது இந்த ஆள்தான்னு மட்டும்தான் சொல்லும். அவருக்கு வீட்டைக் கொடுக்க உரிமை இருக்கான்னு சொல்லாது. நிஜமான போக்கியம்னா அது அடமானம். 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாய்க்கு மேல போனாலே பதிவு பண்ணணும், அடமானம் கொடுக்கறவர் கையெழுத்தும் ரெண்டு சாட்சியும் வேணும். "இது போக்கியம் இல்ல, லீஸ்"னு மாத்திப் பேசினாலும் தப்பிக்க முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல லீஸ்னா அதுவும் பதிவு ஆகணும். வாடகைக்கு எடுத்தவன் உள்வாடகைக்கு விட ஓனரோட எழுத்துச் சம்மதம் வேணும்னு தமிழ்நாட்டு 2017 வாடகைச் சட்டமே சொல்லுது. பதிவு, ஓனர் கையெழுத்து, ஓனர் சம்மதம், இந்த மூணுல ஒண்ணுகூட இல்லாத காகிதத்துக்கு நாலரை லட்சம்! லீஸைப் பதிவு பண்ணியிருந்தா முத்திரைத் தீர்வை 1%, பதிவுக் கட்டணம் 1%, ஒன்பதாயிரம் சுமாருக்குத்தான் வந்திருக்கும். "பதிவெல்லாம் வீண் செலவுக்கா"ன்னு தடுத்ததும் அதே மேனேஜர்தான்.

கேட்கப் போனா, முதல்ல "ஹெட் ஆபீஸ்ல ப்ராசஸ்ல இருக்கு." அப்புறம் "அக்கவுண்ட்ஸ் பாக்கறவர் லீவு." அப்புறம் ஒரு செக், அதுவும் திரும்பி வந்துச்சு. அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர்ம்மா, கோர்ட்டுக்குப் போங்க"ன்னுட்டாங்க. சிவில் மட்டும் இல்லை. வீட்டைக் கொடுக்க உரிமை இல்லைன்னு தெரிஞ்சே பணம் வாங்கினா மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாங்கிற குற்றச் சட்டத்தோட 318-ஆவது பிரிவு. எஸ்.பி. ஆபீஸ் மாவட்டக் குற்றப்பிரிவுல எழுத்துல கொடுங்க, ரசீது வாங்காம வராதீங்க. திங்கட்கிழமை கலெக்டர் மனுநாள்லயும் ஒரு மனு போடுங்க.

அவசரமா சொல்றேன்:

ஓனரை நேர்ல பாருங்க. வெளிநாடுன்னா வீடியோ கால்ல பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்க. பவர்னு சொன்னா, அது பதிவான பவரா, போக்கியப் பணம் வாங்க அதிகாரம் எழுதியிருக்கான்னு படிங்க.

பணம் ஓனர் அக்கவுண்டுக்கு மட்டும். ரொக்கம் கூடவே கூடாது.

பதிவுத்துறையோட டி.என்.ரெஜிநெட் வெப்சைட்ல வில்லங்கம் இலவசமாவே பார்க்கலாம். பேங்க் அடமானம் பதிவாகியிருந்தா அதுலயே தெரியும்.

ஏற்கெனவே மாட்டினவங்க கோபத்துல சாவியைக் கொடுத்துட்டு வெளியே வராதீங்க. முதல்ல வக்கீலைப் பாருங்க. திரும்பி வந்த செக் கையில இருந்தா, அது திரும்பினதுன்னு பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள்ள செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போகணும், தள்ளிப் போடாதீங்க.