எக்செல் டிரெண்ட்லைன்: கணக்கு சரி, அலகை நாம்தான் பார்க்க வேண்டும்

உயர்நிலைப் பள்ளிப் புராஜெக்ட்டுக்கோ, அமைப்பின் ஆண்டறிக்கைக்கோ எக்செல்லின் டிரெண்ட்லைன் (புள்ளிகளின் போக்கைக் காட்டும் கோடு) போதுமா? போதும். மீச்சிறு வர்க்க முறையில், அதாவது புள்ளிகளின் விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி, கோடு போடுகிறது, கணக்கில் தப்பு வராது. ஆனால் சாய்வு (கோடு ஏறும் வேகம்) 87 என்று காட்டுமே தவிர, 87 என்ன, எத்தனை காலத்துக்கு 87 என்று சொல்லாது. தவறான எண்கள் அறிக்கையில் ஏறுவது அங்கேதான்.

சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையை வைத்தே சோதிக்கலாம். புள்ளிவிவரத் துறையின் சிங்ஸ்டாட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆயிரங்களில்: 1990ல் 3,047, 2000ல் 4,028, 2010ல் 5,077, 2020ல் 5,686, 2024ல் 6,037. ஆண்டை முதல் பத்தியிலும் தொகையை அடுத்த பத்தியிலும் இட்டு, ஸ்கேட்டர் சார்ட் (புள்ளி வரைபடம்) போடுங்கள். ஒரு புள்ளியின் மேல் ரைட் கிளிக் செய்து ஆட் டிரெண்ட்லைன், அதில் லீனியர். சமன்பாட்டையும் ஆர்-ஸ்குவேரையும் (கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்னும் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) காட்டச் சொல்லும் கட்டங்களை டிக் செய்தால், சாய்வு 87.231, வெட்டுத்துண்டு (ஆண்டு பூஜ்ஜியமாக இருந்தால் கோடு சொல்லும் மதிப்பு) மைனஸ் 170455, ஆர்-ஸ்குவேர் 0.9908 என்று வரும். அதாவது, இந்தக் காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 87,200 பேர் கூடியிருக்கிறார்கள்.

இதே எண்களுக்கு லைன் சார்ட் போட்டால் சாய்வு 763.8! லைன் சார்ட்டுக்கு 1990, 2000 எல்லாம் வெறும் பெயர்கள். அது 1, 2, 3, 4, 5 என்று எண்ணிக்கொள்கிறது. 2020க்கும் 2024க்கும் உள்ள நான்கு ஆண்டு இடைவெளியும் அதற்குப் பத்தாண்டு இடைவெளியும் ஒன்றுதான். எக்செல் இதற்கு எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. இந்த வசதியின் மிகப் பெரிய குறை இதுவே. ஆண்டு, வெப்பநிலை, தூரம் என எண் மதிப்புள்ள அச்சு எதுவானாலும் ஸ்கேட்டர்தான். அச்சில் தேதிகள் இருந்தால் சாய்வு ஒரு நாளுக்கானது. மாதாந்திர மின்கட்டண ரசீதுகளைத் தேதிவாரியாக இட்டு 0.2 என்று வந்தால், மாதப் பயன்பாடு ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய 6 யூனிட் ஏறுகிறது என்று பொருள்.

அடுத்து அந்த மைனஸ் 170455. பூஜ்ஜியமாம் ஆண்டில் சிங்கப்பூரில் மைனஸ் 170 மில்லியன் பேர்! அதற்கு அர்த்தமே இல்லை, ஆனால் அதனால் ஒரு ஆபத்து உண்டு. சாய்வை 87 என்று சுருக்கி 2030க்குக் கணக்கிட்டால், விட்டுப்போன 0.231ஐ 2030 பெருக்கிவிடும். விடை 469,000 பேர் குறையும். சமன்பாட்டு லேபிளை ரைட் கிளிக் செய்து தசம இடங்களைக் கூட்டலாம். அதைவிட நல்லது, ஆண்டுக்குப் பதில் 0, 10, 20, 30, 34 என 1990லிருந்து எண்ணுவது. சாய்வு மாறாது, வெட்டுத்துண்டு 3135 ஆகும். 1990க்குக் கோடு சொல்லும் மதிப்பு அது. உண்மையான 3,047க்கு அருகில்தான் இருக்கிறது. வெட்டுத்துண்டை நாமே நிர்ணயிக்கும் செட் இன்டர்செப்ட் கட்டத்தை மட்டும் தொடாதீர்கள். ஆண்டுகளை அப்படியே வைத்து அதில் பூஜ்ஜியம் இட்டால் சாய்வு 2.38க்கு விழுந்துவிடும்.

0.9908ஐப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 2000க்கும் 2010க்கும் இடையில் ஆண்டுக்கு 104,900 பேர் கூடினார்கள். அடுத்த பத்தாண்டில் 60,900 பேர்தான். ஒரே கோடு இந்த மாற்றத்தை முழுங்கிவிடுகிறது. தொடக்கத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் சாய்வை ஆட்டிவைக்கும். 2021 முதல் 2024 வரை (5,454, 5,637, 5,918, 6,037) மட்டும் எடுத்தால் சாய்வு 203, இரண்டு மடங்குக்கும் மேல். கொவிட் காலத்தில் தொகை இறங்கிய இடத்திலிருந்து கோடு தொடங்குவதே காரணம். அறிக்கையில் சாய்வோடு ஆண்டு வரம்பையும் எழுதாவிட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார்.

கோட்டை முன்னோக்கி நீட்டும் ஃபோர்காஸ்ட் வசதியும் இருக்கிறது. ஓரிரண்டு ஆண்டுக்கு மேல் நீட்ட நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகள்) 2000ல் 1.60, 2024ல் 0.97. இரண்டையும் இணைக்கும் நேர்கோடு 2061ல் பூஜ்ஜியத்தைத் தொடும். அந்த ஆண்டில் குழந்தையே பிறக்காது என்று எக்செல் தயங்காமல் வரைந்து காட்டும்.