வெறும் வயிறா, வாழைப்பழமா? உடற்பயிற்சிக்கு முன் எது சரி

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடிகாலையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "வயித்துல ஒண்ணும் இல்லாம நடந்தாத்தான் கொழுப்பு கரையும் அண்ணாச்சி" என்பது ஒன்று. "வெறும் வயித்தோட ஓடுனா ரெண்டாவது சுத்துலயே கண்ணு இருட்டுது" என்பது இன்னொன்று. இரண்டு பேர் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் முதல் ஆள் நடக்கிறார், இரண்டாவது ஆள் ஓடுகிறார். சண்டையில் பாதி அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

முதலில் வெறும் வயிறு. இரவு தூங்கி எழும்போது கல்லீரலில் உள்ள கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேர்த்துவைக்கும் சர்க்கரைச் சேமிப்பு, நன்றாகக் குறைந்திருக்கும், இன்சுலினும் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில் நிதானமாக நடந்தால் உடம்பு கொழுப்பைக் கூடுதலாக எரிக்கும். இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்தான். அதனால் எடையும் கூடுதலாகக் குறையுமா என்றால், அங்கேதான் இடிக்கிறது. 2014-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 20 இளம்பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, 4 வாரம், வாரத்துக்கு 3 நாள், ஒரு மணி நேரம் பயிற்சி செய்யவைத்தார்கள். ஒரு குழு சாப்பிட்டுவிட்டு, மற்றது சாப்பிடாமல். சாப்பாட்டின் அளவு இருவருக்குமே குறைக்கப்பட்டிருந்தது. இரண்டு குழுவும் மெலிந்தது, ஒன்றைவிட மற்றது கூடுதலாக அல்ல. காலையில் கொழுப்பை எரித்தால், மீதிப் பொழுதில் உடம்பு அதற்கேற்பக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்கிறது.

வெறும் வயிற்றுக்கு வேறொரு நல்ல பக்கம் உண்டு, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2019-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், அதிக எடையுள்ள ஆண்கள் 6 வாரம் சைக்கிள் மிதித்தார்கள். காலை உணவுக்கு முன் மிதித்தவர்கள் எரித்த கொழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடை குறைந்ததில் வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் உடம்பு இன்சுலினைக் கையாளும் விதம் மேம்பட்டது. தொப்பைக்காக வெறும் வயிற்றில் நடப்பதைவிட, சர்க்கரை வருமோ என்ற பயத்தில் நடப்பதற்குத்தான் இதில் நியாயம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி ஓடுகிறவர்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்களை எடுத்துக்கொள்வோம். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அந்த வேகத்துக்கு உடம்பு கேட்பது பெரும்பாலும் கிளைக்கோஜனைத்தான், கொழுப்பு ஈடுகொடுக்காது. தசையில் இருக்கும் சேமிப்பு ஓர் இரவுத் தூக்கத்தில் கரைவதில்லை என்பதால், அந்த 7 நிமிடத்தை மட்டும் சாப்பிடாமலும் ஓடிவிடலாம். ஆனால் பயிற்சி 7 நிமிடத்தில் முடிகிறதா? ஓட்டம், கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் என்று ஒன்றரை மணி நேரம் போகிறது. தேர்வு நாளில் வரிசை, உயரம், மார்பளவு என்று வெயில் ஏறியபிறகுதான் ஓடவே விடுவார்கள். அன்றைக்குப் பட்டினியாகப் போவது வீண் வீரம். எடை தூக்குகிறவர்களுக்கும் இதே கதைதான். "சாப்பிடாம தூக்குனா தசை கரைஞ்சிரும்" என்ற பயம் மட்டும் தேவையில்லை. நாள் முழுக்கப் புரதம் போதுமான அளவு போனால் ஒரு மணி நேரத்தில் எதுவும் கரையாது.

சரி, என்ன சாப்பிடுவது? அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் ஒன்றிரண்டு சிறிய வாழைப்பழம். ஒன்று ஒன்றரை மணி நேரம் இருந்தால் இரண்டு இட்லி, சட்னி கொஞ்சமாக. முழுச் சாப்பாடு என்றால் மூன்று நான்கு மணி நேரம் விட வேண்டும். எண்ணெயும் தேங்காயும் கூடினால் வயிறு காலியாக நேரமெடுக்கும். பூரிக்கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தால் அது தொண்டையிலேயே நிற்கும். அல்வா சர்க்கரைதானே, தெம்புதானே என்று கேட்கிற ஆட்கள் நம் ஊரில் உண்டு. அதில் நெய்யும் இருக்கிறது, மறக்க வேண்டாம்.

நடுவழி ஒன்று ஏற்கெனவே வீடுகளில் இருக்கிறது: ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி. இதைக் குடித்தால் வெறும் வயிறு என்று சொல்ல முடியாது, சாப்பிட்டதாகவும் ஆகாது. அரை மணி நேர நடைக்கு அதுவே தாராளம். அதோடு தண்ணீரும். இரவு முழுக்க வியர்த்த உடம்புக்கு, அதுவும் சித்திரை வைகாசியில், தண்ணீர்தான் முதல் தேவை. உப்புப் போட்ட நீராகாரம் இன்னும் நல்லது.

இந்த விவாதத்தில் விட்டுப்போகிற விஷயம் முந்தின இரவு. பத்தரை மணிக்குச் சால்னாவில் ஊறிய பரோட்டா நாலைத் தள்ளிவிட்டு, ஐந்தரைக்கு எழுந்து "நான் வெறும் வயித்துல நடக்கேன்" என்றால் என்ன அர்த்தம்? ஏழு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. ஏழரைக்கே இட்லியோ தோசையோ முடித்துவிட்டுப் படுத்தவருக்குப் பத்து மணி நேரம். இருவரும் ஒரே சுற்றில் நடந்தாலும் இருவர் வயிறும் ஒன்றல்ல. நடை முடிந்து டீக்கடைக்குள் நுழைவது இன்னொரு பக்கம். அரை மணி நேர நடையில் சராசரி ஆளுக்குச் செலவாவது 100, 120 கலோரிதான். ஒரு வடையும் சீனி போட்ட டீயும் அதைத் தாண்டிவிடும்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு மட்டும் இது விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கிளம்புமுன் சோதித்துப் பார்த்து, 90-க்குக் கீழே இருந்தால் ஒரு பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. எப்படியானாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மாலையில் கபடி ஆடுகிறவர்களுக்கு இந்தச் சண்டையே கிடையாது. ஒன்றரைக்குச் சாப்பிட்ட சோறு ஐந்து மணிக்கு இறங்கியிருக்கும். பள்ளி விட்டு நேராக மைதானத்துக்கு ஓடுகிற பிள்ளைகள்தான் பாவம், பன்னிரண்டரைச் சாப்பாட்டோடு ஆறரை வரை ஆடுகிறார்கள். அவர்கள் பையில் ஒரு பழமும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டும் போட்டு அனுப்பலாம்.