ஒகேனக்கல் பரிசல் பயணம்: மகளிர் குழுவோடு ஒரு நாள்

தருமபுரியிலிருந்து சுமார் 46 கி.மீ. தொலைவிலுள்ள ஒகேனக்கல்லுக்கு எங்கள் மகளிர் குழுவினர் பன்னிரண்டு பேர் சென்று, மூன்று பரிசல்களில் காவிரியைச் சுற்றி வந்தோம். முற்காலத்தில் தோல் போர்த்தியும், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டித் தார் பூசியும் செய்யப்படும் இந்த மூங்கில் கலத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடு இல்லாததால், ஒற்றைத் துடுப்பின் அசைவிலேயே அது பாறைகளுக்கிடையே திரும்பிவிடுகிறது. பாறைச் சுவர்களுக்கு நடுவே நீர் அமைதியடையும் இடத்தில் பரிசல் ஓட்டி துடுப்பை நிறுத்திய சில நிமிடங்களுக்காகவே இப்பயணத்தைப் பரிந்துரைப்பேன்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத் தொல்குடியினர் 1989இல் சியாட்டிலுக்கு மரத்தோணிகளில் சென்று தங்கள் மரபை மீட்டெடுத்ததை அங்கே நினைத்துக்கொண்டேன். கரை சேரும் தோணியினர் அந்த மண்ணுக்குரிய மக்களிடம் இறங்க அனுமதி கேட்பதும், பின்னர் பாட்டும் விருந்துமாகப் பல நாள்கள் கூடியிருப்பதும் அவர்களது வழக்கம். அந்தத் தோணிகளில் பெண்களும் துடுப்பு வலிக்கிறார்கள். ஒகேனக்கல்லிலோ கரையில் மீன் வறுக்கும் பெண்களைக் கண்டோமே தவிர, அன்று பரிசல் துறையில் துடுப்பேந்திய பெண் ஒருவரையும் காணவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

உயிர்காப்பு உடை தவறாமல் தந்தார்கள். ஆனால், பலகையில் எழுதியிருந்த கட்டணத்துக்கு மேல் பணம் கேட்கப்பட்டது முறையல்ல. நீர்வரத்து மிகுந்தால் பரிசல்களுக்குத் தடை விதிக்கப்படும் என்பதால், விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.