ரத்த டயாலிசிஸா, வயிற்று டயாலிசிஸா, மாற்றுச் சிறுநீரகமா: அரசுக்கு எது கட்டுப்படியாகும்?

2016 மத்திய பட்ஜெட் உரையில் ஒரு கணக்கு வந்தது: ஒரு முறை டயாலிசிஸுக்குச் சுமார் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல். வாரம் மூன்று முறை, ஆண்டுக்கு 156 முறை என்று பெருக்கினால் சரியாகத்தான் வருகிறது. மாவட்ட மருத்துவமனைகளுக்கான தேசிய டயாலிசிஸ் திட்டமும் அதே உரையில்தான் அறிவிக்கப்பட்டது. அந்த 2,000-க்குள் எதெல்லாம் அடங்கும், எது வெளியே நிற்கும் என்பதில்தான் ஒப்பீடே இருக்கிறது.

முதலில், ரத்தத்தை இயந்திரத்தின் வழியே சுத்திகரிக்கும் ரத்த டயாலிசிஸ். ஓர் இயந்திரம் நாளைக்கு மூன்று ஷிப்ட், வாரம் ஆறு நாள் ஓடினால் 18 முறை கிடைக்கும். வாரம் மூன்று முறை கொடுத்தால் ஆறு பேர். இரண்டு முறை என்றால் ஒன்பது பேர். காத்திருப்போர் பட்டியல் நீண்டால் இரண்டுக்கு இறங்குவதுதான் வழக்கம். ஏட்டில் அது சிக்கனம். ஆனால் சிறுநீரே போகாத ஒருவர் நான்கு நாள் இடைவெளியில் உடம்பில் நீர் சேர்ந்து, நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு வந்து சேருவார். மிச்சம் பிடித்த பணம் ஐசியு படுக்கையில் போய்விடும். அது டயாலிசிஸ் கணக்கில் ஏறுவதில்லை.

ஆளுக்கு நான்கு மணி நேரம், நிமிடத்துக்கு 500 மில்லி டயாலிசிஸ் திரவம் என்றால் ஒரு முறைக்கே 120 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. பிளான்ட், ஜெனரேட்டர், டெக்னீஷியன் என்ற அடிப்படைச் செலவு ஒரு ஷிப்ட் ஓடினாலும் பெரிதாகக் குறையாது. பராமரிப்பில் கை வைத்தால் அது வேறு இடத்தில் வெடிக்கும். தண்ணீரை வடிகட்டும் கார்பன் தொட்டி தேய்ந்து, குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் கலக்கும் குளோரமைன் கசிந்தால் சிவப்பணுக்கள் உடைந்து சோகை வரும், ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்ட்டின் ஊசிச் செலவு எகிறும். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவையில் இணைக்கும் பிஸ்டுலாவும் அப்படித்தான். அது தேறி ஊசி குத்தும் பதத்துக்கு வர ஆறு வாரமாவது ஆகும். சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுவது தெரிந்தும் தள்ளிப்போட்டால் கடைசியில் கழுத்தில் டியூப்தான். அதில் கிருமி ஏறினால் குளிர் காய்ச்சல், ஆன்டிபயாடிக், இன்னொரு டியூப்.

வயிற்று வழி டயாலிசிஸில், அதாவது வயிற்றில் பொருத்திய குழாய் வழியே பையிலுள்ள திரவத்தை நோயாளியே வீட்டில் உள்ளே விட்டு வெளியேற்றும் சி.ஏ.பி.டி.யில், கணக்கு தலைகீழ். கட்டடமோ இயந்திரமோ வேண்டாம். செலவு முழுக்கப் பைகளில். இரண்டு லிட்டர் பை, நாளைக்கு மூன்று என்றால் மாதம் 90. பத்தாவது நோயாளிக்கும் முதல் நோயாளிக்கும் ஒரே செலவு. ஆகவே ஷிப்ட் நிரம்பும் மாவட்டத் தலைநகரில் இயந்திரம் மலிவு. நான்கைந்து பேர் மட்டுமே உள்ள மலைப்பகுதியில் பைதான் மலிவு. நோயாளி வீட்டுக் கணக்கைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும்: வாரம் மூன்று நாள் பஸ், கூட வருபவரின் கூலி, சாப்பாடு எதையும் காப்பீட்டு அட்டை தருவதில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதைச் சேர்த்தது, எங்கள் பார்வையில், அந்தத் திட்டத்தின் அதிகம் பேசப்படாத நல்ல முடிவு.

இங்கே கெடுவது பெரும்பாலும் கைச்சுத்தத்தில். குழாயை இணைக்கும்போது மின்விசிறியை நிறுத்தி, கதவை மூடி, சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைக்க வேண்டும். வெளியே வரும் திரவம் கலங்கியிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; அந்தப் பையையே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். மருந்தை வயிற்றுக்குள்ளேயே செலுத்தி உடனே தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். தாமதித்தால் குழாயையே எடுக்க நேரும். நோயாளி இயந்திரத்துக்குப் போவார், இரண்டு செலவும் அரசின் தலையில். திரவத்தோடு புரதமும் வெளியேறுவதால் முட்டை, பருப்பு கூட வேண்டும். இந்தச் சாப்பாட்டுச் செலவு எந்த மருத்துவச் செலவுப் பட்டியலிலும் வராது.

அப்படியானால் வயிற்று டயாலிசிஸ் ஏன் பரவவில்லை? ஒவ்வொரு முறைக்கும் பணம் தரும் காப்பீட்டு முறையில் மருத்துவமனைக்கு இயந்திரம்தான் வருமானம். நோயாளியை வீட்டிலேயே செய்யப் பழக்கி அனுப்பினால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. தாய்லாந்து இதை 2008-இல் நேராகவே எதிர்கொண்டது: பொதுக் காப்பீட்டில் முதலில் வயிற்று டயாலிசிஸ்தான், மொத்தக் கொள்முதல், அஞ்சல் துறை வழியே வீட்டுக்குப் பைகள். 2022-இல் நோயாளி விருப்பப்படி என்று திறந்துவிட்டார்கள். கூட்டம் இயந்திரத்துக்குச் சாய்ந்தது, பட்ஜெட் பிதுங்கியது.

மாற்றுச் சிறுநீரகத்தில் முதல் ஆண்டுச் செலவு கனமாக இருக்கும். அறுவைக்குப் பின் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தால் டயாலிசிஸைவிட மலிவு, ஆளும் வேலைக்குப் போவார். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிரும் அரசுத் திட்டம் 2008 முதல் இயங்குகிறது. ஆனால் உறுப்புகளைவிடப் பட்டியல் நீளம், எனவே பலருக்கு இது தேர்வே அல்ல, காத்திருப்பு.

கிடைத்தவருக்கும், புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைகோபினோலேட் மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க வேண்டும். மருந்துக் கிடங்கில் ஒரு மாதம் தட்டுப்பாடு வந்தால் போதும், ஒட்டிய சிறுநீரகம் போய்விடலாம். டெண்டர் மாறி வேறு கம்பெனி மாத்திரை வந்தால், காலை மாத்திரை விழுங்குமுன் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு பார்த்தே தொடர வேண்டும். இங்கே சகஜமான காசநோய் வந்துவிட்டால் அதற்கான ரிபாம்பிசின் மாத்திரை அந்த அளவைச் சடாரென இறக்கிவிடும். டாக்ரோலிமஸைப் பல மடங்கு கூட்ட வேண்டும், அல்லது ரிபாம்பிசினுக்குப் பதில் ரிபாபியூட்டினுக்கு மாற வேண்டும். காசநோய் மாத்திரை ஒரு திட்டத்திலும், இந்த மாத்திரை இன்னொரு திட்டத்திலும் கிடைக்கும் இடங்களில், இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவரை நியமிப்பது சிறிய செலவுதான்.