பையைப் பிரித்தால்தான் தெரியும், பிரித்தால் திருப்ப முடியாது

இரண்டாம் உலகப்போரில் ஓடிய ஜெர்மனியின் டைகர் டேங்கை லெகோ போன்ற பிரிக் துண்டுகளில் கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இரண்டாம் உலகப்போர் டேங்குகளை லெகோ போடுவதில்லை. நவீனப் போர்க்கருவிகளைத் தத்ரூபமாகச் செய்யக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே வேறு நிறுவனங்களின் செட்டைத்தான் தேட வேண்டும். அதில் தவறொன்றும் இல்லை, போலந்தின் கோபி (Cobi) நிறுவனம் போன்றவர்கள் அருமையாகவே செய்கிறார்கள். நான் போய் மாட்டியது வேறிடம்.

விளம்பரப் படத்தில் இருந்தது டைகர் 131. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய அதே வண்டி. இப்போது இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டரட்டில், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேற்பகுதியில், சிவப்பு எண்; கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சக்கரங்கள். "எல்லாம் அச்சிட்ட துண்டுகள், ஸ்டிக்கரே கிடையாது" என்று வேறு போட்டிருந்தார்கள். இணைய விற்பனைத் தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் தள்ளுபடி என்றார் விற்பனையாளர். அனுப்பினேன். ஆம், என் முட்டாள்தனம்தான்.

வந்த பார்சலில் பெட்டி இல்லை. எண் போடாத பைகள், ஒரு தாள் ஸ்டிக்கர், ஒரு க்யூஆர் கோடு. அதைத் திறந்தால் மங்கலான பிடிஎஃப். கறுப்புத் துண்டு எது, அடர்சாம்பல் எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் தெரியாது. எண் இல்லாததால் எல்லாப் பைகளையும் கொட்டித்தான் தேட வேண்டும். சூழ்ச்சியே அங்கேதான் என்பது பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் மாலை சக்கரங்களுக்கு வந்தேன். நிஜ டைகரில் பக்கத்துக்கு 8 சக்கர அச்சுகள். ஐம்பது டன்னுக்கும் மேற்பட்ட எடையைத் தாங்கத்தான் சக்கரங்களை அப்படிச் செதில்போல அடுக்கினார்கள். ரஷ்யக் குளிரில் இடையில் புகுந்த சேறு உறைந்து வண்டியே நகராமல் போனதும் அதனால்தான். அந்த அடுக்குதான் டைகருக்கு முகம். எனக்கு வந்ததோ ஒரே வரிசையில் ஆறு சக்கரம்! அமெரிக்க ஷெர்மன் டேங்கின் காலை வெட்டி டைகருக்கு ஒட்டியதுபோல. அதுவும் போகட்டும் என்றால் வலப்பக்க டிராக்கில் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) 14 கண்ணிகள் குறைவு, டரட்டின் மேல்தட்டு இல்லை. பிடிமானம் இல்லாத மூட்டில் பீரங்கிக் குழல் தலைகவிழ்ந்தே நின்றது.

எழுதிக் கேட்டேன். "மறுபடி எண்ணிப் பாருங்கள்" என்றார். எண்ணிப் படம் அனுப்பினேன். "சக்கரம் அப்படித்தான், அது பிற்கால மாடல்" என்றார். சரி, டைகரின் எந்தக் காலத்து மாடலில் ஒற்றை வரிசை ஆறு சக்கரம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியாக ஒரே வரி: "பைகளைப் பிரித்துவிட்டீர்கள், திரும்பப் பெற முடியாது." பிரிக்காமல் குறைவதை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? தளத்தில் புகார் செய்யலாமென்றால் பணம் அங்கே போகவே இல்லை.

இன்று வாங்குவதானால் பணத்துக்கு முன்பே கட்டுமானக் கையேட்டைக் கேட்பேன். கட்டி முடித்த வண்டியின் அடிப்பக்கத்தை, அன்றைய தேதி எழுதிய தாளோடு படமெடுத்து அனுப்பச் சொல்வேன். பார்சல் வந்ததும் கத்தி வைக்குமுன் வீடியோவை ஓட விட்டு, முதலில் சக்கரத்தையும் டிராக் கண்ணிகளையும் எண்ணுவேன். கட்டுவதெல்லாம் அப்புறம்.

அதே படம் போன வாரம் வேறொரு கடைப் பெயரில் மீண்டும் வந்திருக்கிறது. வலது மேல்மூலை மட்டும் மங்கலாக்கப்பட்டிருக்கும், உற்றுப் பாருங்கள். உண்மையான தயாரிப்பாளரின் முத்திரை இருந்த இடம் அது.